பெற்றோர் வேடத்தில் பிள்ளைகள்: புலம்பெயர் இந்தியக் குடும்பமும் தொலைக்காட்சி நகைச்சுவையும்

சிட்காம் எனப்படும் சூழல் நகைச்சுவைத் தொடர், ஒரு வீட்டையோ கடையையோ நிலையான களமாகக் கொண்டு, மாறாத சில மாந்தரை ஒவ்வொரு வாரமும் ஒரு புதுச் சிக்கலில் மாட்டிவிட்டு, அரைமணி நேரம் முடிவதற்குள் அவர்களைப் பழைய நிலைக்கே கொண்டுவந்து விடும் தொலைக்காட்சி வடிவமாகும். அதில் எவரும் பாடம் கற்பதில்லை. கற்றுவிட்டால் அடுத்த வாரத்துக்குக் கதை இராது. வீட்டுச் சண்டைகளில் பெரும்பாலானவை தீர்வதில்லை, ஓய்ந்துபோய் மறுபடி தொடங்குகின்றன என்பதால், குடும்பத்தைச் சொல்வதற்கு இவ்வடிவம் இயல்பாகவே பொருந்தியது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் குடியேறிய இந்தியக் குடும்பங்களைப் பற்றி 1990களின் இறுதியிலிருந்து வெளிவந்த இத்தகைய தொடர்களை விளக்க முற்படுவோர், கிழக்கும் மேற்கும் மோதுகின்றன என்ற ஒற்றை வரியில் பெரும்பாலும் நின்றுவிடுகின்றனர். அவ்விளக்கத்தைத் தவறென்று தள்ளிவிட முடியாது. ஆனால் அத்தொடர்களில் வரும் தாய் ஏன் ஓயாமல் உணவை நீட்டிக்கொண்டே இருக்கிறாள், தந்தை ஏன் எதற்கும் விலை கேட்கிறார், பிள்ளைகள் உறங்கிய பின் அவ்விருவரும் தமக்குள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது ஏன் பார்வையாளருக்குக் காட்டப்படுவதே இல்லை என்பனவற்றுக்கு அது விடை தருவதில்லை. விடை, அத்தொடர்களை எழுதியவர்களின் பிறப்பிடத்தில் இருக்கிறது. அவர்கள் ஏறக்குறைய அனைவரும் குடியேறிய நாட்டில் பிறந்த அல்லது வளர்ந்த இரண்டாம் தலைமுறையினர்; அத்தொடர்களின் பெற்றோர், பிள்ளைகளின் கண்ணுக்குத் தெரிந்த பெற்றோர்.

இந்த ஏற்பாடு இந்தியருடன் தொடங்கியதன்று. அமெரிக்கத் தொலைக்காட்சியின் முதல் குடும்ப நகைச்சுவைத் தொடர்களுள் ஒன்றான 'தி கோல்ட்பர்க்ஸ்', நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில் வாழ்ந்த ஒரு யூதக் குடும்பத்தைப் பற்றியது. 1929இல் வானொலியில் தொடங்கி 1949இல் சிபிஎஸ் தொலைக்காட்சிக்கு வந்த அத்தொடரை எழுதி, அதன் மையமான மாலி என்னும் தாயாகவும் நடித்தவர் ஜெர்ட்ரூட் பெர்க். நியூயார்க்கிலேயே பிறந்து, சொந்த வாழ்க்கையில் எந்த வேற்றுநாட்டுச் சாயலும் இல்லாத ஆங்கிலம் பேசிய அவர், ஒலிவாங்கியின் முன் வந்ததும் குடியேறிய தாயின் ஆங்கிலத்துக்கு மாறினார். தான் கேட்டு வளர்ந்த உச்சரிப்பைப் பின்னாளில் தன் வாயால் திருப்பிச் சொல்லும் இந்தப் பழக்கமே, அரை நூற்றாண்டு கழித்து லண்டனில் பஞ்சாபி உருவில் தோன்றியது.

அதற்கு முன், பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் இந்தியர் மாணவராகவோ கேலிப்பொருளாகவோதான் இருந்தனர். 1965இல் பிபிசி நிறுவனம் பர்மிங்காமில் குடியேறியோருக்கென ஒரு தனிப் பிரிவை அமைத்து, 'அப்னா ஹி கர் சமஜியே' என்ற நிகழ்ச்சியை இந்துஸ்தானியில் ஒளிபரப்பத் தொடங்கியது. புது நாட்டில் எப்படி நடந்துகொள்வது, ஆங்கிலத்தை எப்படிப் பேசுவது என்று சொல்லிக்கொடுப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1969இல், ஒரு தொழிற்சாலையைக் களமாகக் கொண்ட 'கரி அண்ட் சிப்ஸ்' தொடரில், அகமத்நகரில் பிறந்த நகைச்சுவையாளர் ஸ்பைக் மில்லிகன் முகத்துக்குப் பழுப்புச் சாயம் பூசிக்கொண்டு, பாதி அயர்லாந்துக்காரரும் பாதிப் பாகிஸ்தானியருமான ஒரு தொழிலாளியாக நடித்தார். ஆறே பகுதிகளோடு அது நிறுத்தப்பட்டது. 'இட் எயின்ட் ஹாஃப் ஹாட் மம்' தொடரோ 1974 முதல் 1981 வரை ஓடியது. அதில் ரங்கி ராம் என்ற இந்தியப் பணியாளராகச் சாயம் பூசி நடித்த மைக்கேல் பேட்ஸ் ஜான்சியில் பிறந்தவர். இந்தியாவில் பிறந்த வெள்ளையர் இந்தியராக நடித்த அக்காலத்தில்தான், 1977இல், 'மைண்ட் யுவர் லாங்வேஜ்' தொடரின் ஆங்கில வகுப்பறையில் சீக்கியர் ரஞ்சித் சிங்காக இலங்கையில் பிறந்த ஆல்பர்ட் மோசஸ் அமர்ந்திருந்தார். வேடம் ஆசிய நடிகருக்குக் கிடைத்தபோதும் அவருக்குக் கிடைத்த இடம் பள்ளி மேசையாகவே இருந்தது. இவை எதிலும் வீடு இல்லை. குடியேறியவன் வேலைத்தளத்திலோ வகுப்பிலோ காணப்பட்டான். அவனுக்குப் பெற்றோரும் பிள்ளைகளும் உண்டு என்ற செய்தி எழுத்தாளர்களை எட்டியிருக்கவில்லை.

சேனல் 4 ஒளிபரப்பிய 'தந்தூரி நைட்ஸ்' (1985–87), பின்வந்தவற்றிலிருந்து எவ்வளவு வேறுபடுகிறது என்பதாலேயே கூர்ந்து பார்க்கத் தக்கது. அதை எழுதிய ஃபருக் தோண்டி 1944இல் புனேயில் பிறந்து, 1960களில் கேம்பிரிட்ஜில் படிக்க வந்தவர். அதாவது, தாமே குடியேறியவர். கதை, லண்டனில் ஜிம்மி சர்மா நடத்தும் 'தி ஜுவல் இன் தி கிரவுன்' என்ற உணவகத்துக்கும், அவரிடம் பரிமாறுபவனாக இருந்த ரஷீத் எதிர்ச்சாரியில் திறந்த 'தி ஃபார் பெவிலியன்ஸ்' என்ற உணவகத்துக்கும் நடக்கும் போட்டியைப் பற்றியது. இரு பெயர்களும் பேரரசுக் காலத்து ஏக்கத்தை விற்ற இரு பெரும் தொலைக்காட்சித் தொடர்களின் பெயர்கள். அவ்விரண்டிலும் நடித்திருந்த சயீத் ஜாஃப்ரியே இங்கே ஜிம்மியாக வந்தார் என்பது தோண்டியின் குறும்புக்குச் சான்று. ஜிம்மிக்கு மகள்கள் உண்டு, வீட்டுச் சச்சரவும் உண்டு. ஆனால் தொடரின் உயிர் முதலாளிக்கும் பழைய வேலைக்காரனுக்கும் இடையிலுள்ள வன்மத்தில் இருந்தது. வெள்ளையரின் ஏக்கத்தைப் பணமாக்கத் தெரிந்த, தன் இனத்தவனைக் கடன்காரனாக்கத் தயங்காத, அதே சமயம் மரியாதைக்கு ஏங்குகிற நடுவயது மனிதர் ஒருவரை உள்ளிருந்து காட்டிய சிட்காம் அது. குடியேறியவரே எழுதியபோது நகைச்சுவை தொழிலைப் பற்றியதாக இருந்தது. பிள்ளைகள் எழுதத் தொடங்கியதும் அது சாப்பாட்டு மேசைக்கு இடம் மாறியது.

அந்தப் பிள்ளைகள் யாவர் என்பதைப் புரிந்துகொள்ளக் குடியேற்ற வரலாறு சிறிது வேண்டும். 1948ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டம் காமன்வெல்த் நாட்டவருக்குத் திறந்துவிட்ட கதவை 1962ஆம் ஆண்டின் சட்டம் பெருமளவு அடைத்தது. கதவு மூடுமுன் வந்துசேர்ந்த பஞ்சாபியர் ஆலைகளிலும் வார்ப்படச் சாலைகளிலும் வேலைக்கு அமர்ந்தனர். 1972இல் இடி அமீன் தொண்ணூறு நாள் கெடு விதித்து உகாண்டாவிலிருந்து ஆசியரை வெளியேற்றியபோது, ஏறத்தாழ 28,000 பேர் பிரிட்டனை அடைந்தனர். அவர்களுள் குஜராத்தியர் பலர் கடைகளைத் தொடங்கினர். இவர்களுடைய பிள்ளைகள் கடையின் மேல்மாடியில் வளர்ந்து, அரசுப் பள்ளிகளில் படித்து, 1990களில் முப்பதுகளை எட்டினர். சலவையகம் நடத்திய பெற்றோருக்கு 1963இல் பிறந்த சஞ்சீவ் பாஸ்கரும், 1961இல் உல்வர்ஹாம்ப்டனில் பிறந்து சுரங்கக் கிராமமொன்றில் வளர்ந்த மீரா சயாலும் அத்தலைமுறையினர். குல்விந்தர் கீர், நீனா வாடியா ஆகியோருடன் இவர்கள் நடித்த 'குட்னெஸ் கிரேஷஸ் மீ' 1996இல் வானொலியிலும் 1998இல் பிபிசி 2 தொலைக்காட்சியிலும் வந்தது. அது சிட்காம் அன்று, குறுங்காட்சிகளின் தொகுப்பு. எனினும் பின்னர் சிட்காமுக்குத் தேவைப்பட்ட மாந்தரனைவரும் அங்கே ஒத்திகை பார்த்துக்கொண்டனர்: தத்தம் மகன்களின் பெருமையை ஏலம்போல் ஏற்றிக்கொண்டே போகும் இரு தாய்மார், உலகில் எதை எடுத்தாலும் அது இந்தியாவிலிருந்து வந்ததென்று சாதிக்கும் தந்தை, கபூர் என்ற பெயரைக் கூப்பர் என்று மாற்றிக்கொண்டு அசல் ஆங்கிலேயராகிவிட்டதாக நம்பும் குடும்பம். ஆங்கில உணவகத்துக்குள் நுழையும் இந்தியர் குழாம், கறி உணவகங்களில் குடித்துவிட்டுக் கூத்தடிக்கும் வெள்ளை இளைஞரைப் போலவே நடந்துகொண்டு, இருப்பதிலேயே காரமற்ற பண்டத்தைக் கேட்கும் காட்சி பிரிட்டனில் பரவலாக நினைவுகூரப்படுவது.

2001 நவம்பரில் பிபிசி 2 தொடங்கிய 'தி குமார்ஸ் அட் நம்பர் 42' அம்மாந்தரை ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவந்தது. வடக்கு லண்டனின் வெம்ப்ளியில் வாழும் குமார் குடும்பத்தின் மகன் சஞ்சீவுக்குத் தொலைக்காட்சித் தொகுப்பாளனாகும் ஆசை, திறமையோ குறைவு. பிள்ளையின் ஆசைக்காகப் பெற்றோர் கொல்லைப்புறத் தோட்டத்தை அழித்து அங்கே ஒரு படப்பிடிப்பு அரங்கத்தையே கட்டிக்கொடுத்திருக்கின்றனர். ஒவ்வொரு வாரமும் உண்மையான புகழாளர் ஒருவர் அவ்வீட்டு வாசலில் நுழைந்து, கூடத்தில் உபசரிக்கப்பட்டு, பின்னர் அரங்கத்துக்கு அழைத்துச் செல்லப்படுவார். அங்கே மகன் கேள்வி கேட்க, பக்கத்து இருக்கையில் குடும்பமே அமர்ந்து குறுக்கிடும். தந்தை அஷ்வின் பணம் எவ்வளவு என்பார்; தாய் மதுரி மகனின் கல்யாணத்தை எண்ணிக் கவலைப்படுவாள்; பாட்டி ஆண் விருந்தினரிடம் கூச்சமின்றிச் சரசமாடுவாள். குடும்பத்தாரின் பேச்சில் பெரும்பகுதி முன்கூட்டியே எழுதப்பட்டது. விருந்தினருடையது அவ்விடத்திலேயே பிறப்பது.

இவ்வமைப்பின் நுட்பம் எளிதில் புலப்படாதது. அதுவரை தொலைக்காட்சியில் இந்தியன் வெள்ளையரின் இடத்துக்குள் வந்து தடுமாறுபவனாக இருந்தான். இங்கே புகழ்பெற்ற ஆங்கிலேயர் இந்திய வீட்டுக்குள் வந்து, காலணியோடு உள்ளே வரலாமா, எத்தனை முறை மறுத்தால் தட்டில் உணவு வைப்பது நிற்கும் என்பன தெரியாமல் தடுமாறினார். விதிகள் வீட்டாருடையவை. சம்பளத்தை நேரடியாகக் கேட்பது ஆங்கில நாகரிகத்தில் முறைகேடு, இந்தியக் கூடத்தில் அக்கறை. அதனால் எந்த நேர்காணலாளரும் கேட்கத் துணியாத கேள்வியை அஷ்வின் கேட்டுவிட முடிந்தது. குடும்பத்தின் அநாகரிகமே நிகழ்ச்சியின் மிகச் சிறந்த இதழியல் கருவியாயிற்று என்று சொன்னால் மிகையாகாது. தொடர் 2006 வரை நடந்தது. 2002, 2003 ஆகிய இரு ஆண்டுகளிலும் சர்வதேச எம்மி விருது பெற்றது. ஆஸ்திரேலியாவில் கிரேக்கக் குடும்பமாகவும், அமெரிக்காவில் லத்தீன் குடும்பமாகவும் அதே அமைப்பைப் பெயர்த்தெடுக்க முயன்றனர். அமெரிக்கப் பதிப்பு ஒளிபரப்பாகவே இல்லை.

ஆனால் அப்பாட்டியை உற்றுப் பார்க்க வேண்டும். நரைமுடியும் சுருக்கங்களும் ஒட்டிக்கொண்டு பாட்டியாக அமர்ந்திருந்த மீரா சயாலுக்குத் தொடர் தொடங்கும்போது நாற்பது வயது. பேரனாக நடித்த பாஸ்கர் அவரைவிட இரண்டே வயது இளையவர். 2005இல் இருவரும் திருமணம் செய்துகொண்டபோது, பாட்டியைப் பேரன் மணந்தான் என்ற கேலியைப் பத்திரிகைகளால் அடக்க முடியாமற்போனதில் வியப்பில்லை. இரண்டாம் தலைமுறைப் பெண் ஒருத்தி மூத்தவளின் ஒப்பனைக்குள் புகுந்து, தன் சொந்த வயதில் வெளிப்படையாகப் பேச முடியாத காமத்தையும் எள்ளலையும் பேசினாள் என்பதே அப்பாத்திரத்தின் ஆற்றல். வெள்ளையரின் பழுப்புச் சாயத்துக்கும் இவ்வொப்பனைக்கும் உள்ள வேறுபாடு பெரியது. முந்தியது அறியாமையில் பிறந்தது, பிந்தியது பல்லாண்டு உடன்வாழ்ந்து கூர்ந்து கவனித்ததில் பிறந்தது. இரண்டிலும் பொதுவானது ஒன்றுதான்: நடிக்கப்படுபவர் அறையில் இல்லை. பிபிசி 1 தொலைக்காட்சியில் 2012 முதல் 2016 வரை வந்த 'சிட்டிசன் கான்' தொடரில், பர்மிங்காமில் பிறந்த ஆதில் ரே தாடியும் குல்லாவும் அணிந்து பாகிஸ்தானியத் தந்தையாக நடித்தது இதே மரபின் தொடர்ச்சி.

மூத்தோர் ஏன் இவ்வளவு எளிதில் கேலிச் சித்திரமாகின்றனர் என்பதற்குச் சமூகவியலில் ஒரு பொதுவான விளக்கம் உண்டு. ஊரை விட்டுச் சென்றவர், தாம் புறப்பட்ட ஆண்டின் ஊரையே மனத்தில் வைத்துக் காக்கின்றனர். ஊரோ தன்பாட்டுக்கு மாறிக்கொண்டு போகிறது. 1968இல் ஜலந்தரை விட்டவர் 2001இல் மகனிடம் வற்புறுத்தும் வழக்கங்களை ஜலந்தரில் இருக்கும் அவருடைய தம்பி மகனே கைவிட்டிருக்கக்கூடும். எனவே அவ்வீட்டுச் சண்டை இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையிலானதாகத் தோன்றினாலும், உண்மையில் அது 1968க்கும் 2001க்கும் இடையிலானது. பாட்டியும் பேரனும் ஓரணியாவதையும் இதனோடு சேர்த்துப் பார்க்கலாம். அமெரிக்க வரலாற்றாசிரியர் மார்க்கஸ் லீ ஹான்சன் 1938இல் முன்வைத்த கருத்தின்படி, குடியேறியோரின் பிள்ளைகள் கைகழுவ விரும்பும் மரபைப் பேரப்பிள்ளைகள் தேடி எடுத்துக்கொள்கின்றனர். சிட்காம் எழுதுவோர் இதைப் படித்திருக்க வேண்டியதில்லை. நடுத்தலைமுறையைத் தாண்டிக் கை கோக்கும் முதியவரும் இளையவரும் எக்காலத்திலும் நல்ல சிரிப்புக்கு உத்தரவாதம்.

அமெரிக்காவில் கதை வேறு வர்க்கத்தில் நடந்தது. 1965ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் நாட்டுவாரி ஒதுக்கீட்டை நீக்கித் தொழில்திறனுக்கு முன்னுரிமை தந்ததால், அங்கே சென்ற முதல் பேரலை மருத்துவரும் பொறியாளருமாக இருந்தது. ஆனால் தொலைக்காட்சி கண்ட இந்தியரோ கடைக்காரர்: 'தி சிம்ப்சன்ஸ்' கேலிச்சித்திரத் தொடரில் 1990 முதல் இருந்த அப்பு. அவருக்குக் குரல் கொடுத்த ஹேங்க் அசாரியா இந்தியர் அல்லர். ஹரி கொண்டபோலு 2017இல் எடுத்த ஆவணப்படம் அக்குரலால் பள்ளி முற்றங்களில் ஒரு தலைமுறை பட்ட பாட்டைப் பதிவு செய்தது. 2020இல் அசாரியா அப்பாத்திரத்துக்குக் குரல் கொடுப்பதிலிருந்து விலகினார்.

அப்படி வளர்ந்தவர்களுள் ஒருவர் அஸீஸ் அன்சாரி. 1983இல் தென் கரோலினாவில், தமிழ்நாட்டிலிருந்து குடியேறிய தமிழ் முஸ்லிம் பெற்றோருக்குப் பிறந்தவர். ஆலன் யாங்குடன் சேர்ந்து அவர் உருவாக்கிய 'மாஸ்டர் ஆஃப் நன்' 2015 நவம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வெளியானது. அதன் இரண்டாம் பகுதிக்குப் 'பெற்றோர்' என்றே பெயர். இரு நண்பர்கள், ஒருவன் இந்தியன், மற்றவன் தைவானியன், தந்தையர் கேட்கும் சிறு உதவியைச் செய்ய மறுக்கின்றனர். உடனே காட்சி தந்தையரின் இளமைக்குத் தாவி, அவர்கள் பட்ட வறுமையையும், புது நாட்டில் பணியிடத்தில் கண்ட புறக்கணிப்பையும் சில நிமிடங்களில் காட்டிவிடுகிறது. இதை எழுதியமைக்காக இருவரும் 2016இல் எம்மி விருது பெற்றனர். விருதைவிட முக்கியமானது, தந்தை வேடத்தில் ஷௌகத் அன்சாரியையும் தாய் வேடத்தில் ஃபாத்திமா அன்சாரியையும், அதாவது தம் சொந்தப் பெற்றோரையே, அஸீஸ் நடிக்கவைத்தது. மருத்துவரான தந்தை மேடைப் பழக்கத்தின் எந்தச் சாயலுமின்றிப் பேசுகிறார். தாய் கூச்சத்தோடு சொற்களைக் குறைத்துக்கொள்கிறார். ஒப்பனைப் பாட்டிக்குக் கிடைத்த அளவு சிரிப்பு அத்தாய்க்குக் கிடைக்கவில்லை. தொழில்முறை நடிகர் எவரும் அத்தயக்கத்தை நடிப்பில் கொண்டுவந்திருக்க முடியாது என்பதும் உண்மை. இரண்டாம் பருவத்தில் பன்றியிறைச்சி உண்பதைப் பற்றி வீட்டில் எழும் சண்டையின் வலு, எவரும் வில்லனாக்கப்படாததில் இருக்கிறது.

2020 ஏப்ரலில் வந்த 'நெவர் ஹாவ் ஐ எவர்' தமிழ் வாசகருக்கு இன்னும் அணுக்கமானது. லாங் ஃபிஷருடன் சேர்ந்து அதை உருவாக்கிய மிண்டி கேலிங்கின் குடும்பப் பெயர் சொக்கலிங்கம். தந்தை தமிழர், தாய் வங்காளி. கலிபோர்னியாவின் ஷெர்மன் ஓக்ஸில் வாழும் தேவி விஸ்வகுமார் என்ற பதினைந்து வயதுத் தமிழ்ப் பெண்ணும், தோல் மருத்துவரான அவளுடைய தாய் நளினியும், ஆய்வு மாணவியான ஒன்றுவிட்ட அக்காள் கமலாவுமே அவ்வீட்டார். தந்தை மோகன் பள்ளி இசைநிகழ்ச்சியின்போது மாரடைப்பால் இறந்திருக்கிறார். நளினியும் மோகனும் அமெரிக்காவில் வந்திறங்கியது 2001 செப்டம்பரில் என்பது தொடரின் கசப்பான நகைச்சுவைகளுள் ஒன்று. இவ்வீட்டில் தமிழ் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால், 'கண்ணா' என்ற விளிக்கு அப்பால் அதிகமில்லை என்றே சொல்ல வேண்டும். பள்ளியில் நடக்கும் விநாயகர் பூசை எந்த ஊர் வழக்கம் என்று சொல்ல முடியாத பொதுப்பட்ட இந்தியத்தன்மை கொண்டது. அதைக் குறையென்று சொல்வது எளிது. ஆனால் அமெரிக்கப் புறநகரில் பல மொழியினர் கூடி நடத்தும் விழாக்கள் உண்மையிலேயே அப்படித்தான் ஆகிவிடுகின்றன.

இத்தொடரின் மெய்யான புதுமை தாய்க்குக் கிடைத்த இடம். தூதரக அதிகாரியின் மகளாகப் பல நாடுகளில் வளர்ந்து அமெரிக்கா வந்த பூர்ணா ஜகந்நாதன் நடித்த நளினி, தொடக்கத்தில் வழக்கமான கண்டிப்புக்காரியாகவே வருகிறாள். பின்னர் மகள் இல்லாத காட்சிகளில் அவள் தனியே காணப்படுகிறாள்: கணவனை இழந்தவளாக, தொழிலில் போட்டியைச் சந்திப்பவளாக, வேறொரு மருத்துவரிடம் ஈர்ப்புக் கொண்டு அதற்காக வெட்கப்படுபவளாக. மோகனின் தாயான பாட்டி நிர்மலா, கடைசிப் பருவத்தில் வெள்ளையர் ஒருவரை மறுமணமே செய்துகொள்கிறாள். குமார் வீட்டில் பாட்டியின் ஆசை வெறும் சிரிப்பாக இருந்தது. இங்கே அது கதை நிகழ்வாயிற்று. அதற்குக் கொடுத்த விலையும் உண்டு. நாற்பது பகுதிகளாக நான்கு பருவங்களில் தொடர்ச்சியாகப் பார்க்கும்படி எழுதப்பட்டதால், ஒவ்வொரு மோதலும் கண்ணீரிலும் அணைப்பிலும் முடிந்தாக வேண்டியிருக்கிறது. தேவி பிரின்ஸ்டனில் சேர்ந்தாக வேண்டியிருக்கிறது. அடுத்த வாரமும் அதே சண்டையைப் போடும் குமார் குடும்பத்தின் பிடிவாதத்தில் இருந்த உண்மை, முதிர்ச்சியை நோக்கி நடத்திச்செல்லப்படும் இக்குடும்பத்தில் குறைவு.

இந்த வகைமை விட்டுவைத்தவையும் நிறைய. திருமணப் பேச்சு இவற்றில் முடிவற்றது. அப்பேச்சை நடத்தும் சாதியோ ஏறக்குறையப் பெயரற்றது. ஆலையில் வேலை செய்த தந்தையும் இல்லை, ஆவணமின்றி வாழும் சித்தப்பாவும் இல்லை. சிட்காமுக்கு முதலில் வேண்டியது பறிக்கப்படாத ஒரு வீடு. ஒவ்வொரு வாரமும் எல்லாரும் அதே இடத்துக்குத் திரும்பி வருவார்கள் என்ற உறுதியின் மேல்தான் அதன் சிரிப்பு நிற்கிறது. தேவியாக நடித்த மைத்ரேயி ராமகிருஷ்ணன், ஏறத்தாழ 15,000 பேர் பங்கேற்ற திறந்த தேர்வில் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அவர் கனடாவின் மிஸ்ஸிஸாகாவில் பிறந்தவர்; அவருடைய பெற்றோர் இலங்கைப் போரிலிருந்து தப்பி வந்த தமிழர்கள். அவர் நடித்த தேவியின் பெற்றோரோ தொழில்தகுதியோடு முறையாகக் குடியேறியவர்கள். போரிலிருந்து தப்பியவர்களின் கதை திரைக்கு வந்தபோது, ஷோபாசக்தி நடிப்பில் 2015இல் கான் விழாவின் உயரிய விருதைப் பெற்ற 'தீபன்' போலத் துயரக் கதையாகவே வந்தது. மருத்துவரின் குடும்பத்துக்கு நகைச்சுவையும் அகதியின் குடும்பத்துக்குச் சோகமும் என்ற இப்பங்கீட்டைப் புலம்பெயர் வாழ்வின் இயல்பு என்று கொள்வதற்கில்லை. டொராண்டோவிலோ பாரிஸிலோ உள்ள ஈழத்தமிழ் வீடுகளில் அரைமணி நேரத் தொடருக்குப் போதிய சிரிப்பு எப்போதும் இருந்துவந்திருக்கிறது, அதை எழுத வேண்டிய பிள்ளைகளும் இப்போது வளர்ந்துவிட்டனர்.